இடையில் இருப்பது

அப்பச்சியின் முழங்காலுக்கு
ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று.
அட்டையின் முதுகில் பொடி எழுத்தில்
காண்ட்ராய்டின் சல்பேட் என்றிருக்கும்.
புதுவயல் முழுக்க முழங்கால்கள்;
என் மருந்துக்கடையில்
காய்ச்சல் மாத்திரைக்கு அடுத்தபடி
இதுதான் போகும்.

இதே சரக்கு
மூளைக்குள்ளும் உண்டென்று
முப்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது எனக்கு.

கல்லூரியில் செல்லைப் படித்தோம்.
செல்லுக்கு வெளியே கிடப்பதை
'இடைவெளி' என்று ஒரே சொல்லில் தாண்டினார் ஆசிரியர்.
படத்தில் நானும் அதை
வண்ணம் தீட்டாமல் விட்டேன்.
வெளி இல்லையாம் அது.
சர்க்கரை நூலும் புரதமும் பின்னிய கூழாம்.
மூளையில் ஐந்தில் ஒரு பங்கு இடம்
அதற்குத்தானாம்.

சில செல்களைச் சுற்றி மட்டும்
கூழ் இறுகி வலையாகிறது.
பெரும்பாலும்
'போதும், அடங்கு' என்று
மற்றவற்றைக் கையமர்த்தும் செல்கள்.
மீசை அரும்பி, குரல் உடைந்து,
அதற்கும் பிறகு சில வருஷம்
கண் கண்ணாக
வலை கட்டிக்கொண்டே இருக்கும்.

வயிரவனுக்குப் பத்தொன்பது,
கோயம்புத்தூர் விடுதியிலிருந்து
வார்டன் போன் செய்த அன்று.

எங்களூர் அரிசி ஆலைகள்
இரவிலும் ஓடும்.
எங்களுக்கு அது கேட்காது.
விருந்தாளி யாராவது
'எப்படித் தூங்குறீங்க?' என்றால்தான் கேட்கும்.
தம்பிக்கு எப்போதும் கேட்கும்.
உமி தனியாக, தவிடு தனியாக,
நடுவில் அவன் பெயர் தனியாக.
சல்லடை ஆடும் ஒவ்வொரு முறையும்
'அவளை நம்பாதே.'
அவள், நான்.

மனச்சிதைவு கண்டு இறந்தவர்களின் மூளையை
மெல்லிசாகச் சீவி,
ஒரு கொடியின் விதையில் எடுத்த புரதத்தை விட்டால்
வலை உள்ள இடத்தில் ஒட்டி ஒளிருமாம்.
சில பகுதிகளில் ஒளி குறைவாக இருந்ததாம்.
வலை போனதால் நோயா,
நோய் வலையைத் தின்றதா,
தெரியவில்லை என்றே முடித்திருந்தார்கள்.

அந்தத் 'தெரியவில்லை'யின் மேல்
எனக்கு மரியாதை வந்தது.
எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது:
மருந்து வைத்துவிட்டார்கள்,
படிப்பு ஏறிவிட்டது,
ஆத்தா கிரகணத்தன்று வெளியே வந்துவிட்டாள்.

கண்ணாடித் துண்டில் ஒளிரும் அந்தச் சீவலைத் தர
யாரோ ஓர் அக்கா
கையெழுத்துப் போட்டிருப்பாள்.
எந்தப் பேனாவோ.

ஐப்பசியில் ஒரு நாள்
அவனுடைய வெள்ளை மாத்திரையோடு
அப்பச்சியுடையது ஒன்றையும் வைத்தேன்.
அது குடலைத் தாண்டுவதே அரிது.
மூளையின் கதவோ திறக்கவே திறக்காது.
மருந்தியல் படித்தவள், தெரியும்.
வைத்தேன்.

உள்ளங்கையைப் பார்த்தான்.
'இது யாரோடது?'
'அப்பச்சியோடது.'
'எனக்கு முழங்கால் நல்லாத்தானே இருக்கு.'
சிரித்துவிட்டு
விழுங்கினான்.

மறுநாள் அப்பச்சி அட்டையைத் தடவி
'ஒண்ணு குறையுதே, உமையா' என்றார்.
கணக்குப் பார்த்தே வாழ்ந்த விரல்.
'கீழே விழுந்துருச்சு' என்றேன்.

கார்த்திகையில் அடைமழை.
ராத்திரி இரண்டே காலுக்கு
ஊர் முழுக்கக் கரண்ட் போனது.
ஆலைகள் நின்றன.
தெருவே விழித்துக்கொண்டது.
டார்ச்சோடு வந்து
'என்ன சத்தம் அது?' என்றார் எதிர்வீட்டுக்காரர்.
சத்தம் எதுவுமே இல்லை.

வயிரவன் தூங்கினான்.
பதினோரு வருஷத்தில்
அப்படி வாய் திறந்து அவன் தூங்கி
நான் பார்த்ததில்லை.

தலைமாட்டில் உட்கார்ந்தேன்.
தவளை. ஓட்டில் சொட்டு.
காதுக்குள் என் ரத்தம்.
அதற்குமேல் ஒன்றுமில்லை.
உள்ளே யாரோ விடாமல்
கையமர்த்திக்கொண்டிருக்கிறார்கள்;
ஒரு நாளும் அவர்களுக்கு நான்
கூலி கொடுத்ததில்லை.

நாலரைக்குக் கரண்ட் வந்தது.
ஆலை எடுத்தது.
தூக்கத்திலேயே அவன் தோள்
ஒருமுறை துணுக்குற்றது.

என்ன சொன்னதென்று
நான் கேட்கவில்லை.